பாலிஷ் போட்டா பளபளக்கும்... பலம்?



காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் டிஃபன் கட். பதினொரு மணிக்கு கேன்டீன் பஃப்ஸ். மதியம் மெஸ்ஸில் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைச் சோறு. சாயங்காலம் பிஸ்கெட், ராத்திரி பரோட்டா. உங்க மெனு கிட்டத்தட்ட இதுதானே? வயிறு என்னவோ ஃபுல்தான். ஆனா, இந்த லிஸ்ட்டில் முழுத்தானியம்னு சொல்ல ஒண்ணுகூட இல்லையே பாஸ்!

'அதனால என்ன குறைஞ்சுபோச்சு?'ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கோழிக் கதை.

1880-களின் கடைசி. ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடை தள்ளாடி, இதயத்தையே பாதிக்கும் நோய் அது. திடீர்னு ஆராய்ச்சிக்கூடத்துக் கோழிகளும் தள்ளாட ஆரம்பித்தன. சில மாதங்களில் தானாகவே தேறியும் விட்டன. துருவிப் பார்த்தால், எல்லாம் சமையல்காரர்கள் வேலை! பழையவர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுத்திருக்கிறார். புதுசா வந்தவர், மிலிட்டரி சோறு கோழிக்கெல்லாம் கிடையாதுன்னு கறாரா நிறுத்திட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டில் இருந்த அந்த சங்கதிதான் தயமின், அதாவது வைட்டமின் பி1. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஒரு அறையில், பெரிபெரி ஆராய்ச்சிக்காக ராபர்ட் மெக்கரிசன் தொடங்கியதுதான், இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்!

விஷயம் சிம்பிள். தானியத்தின் மேலே தவிடு, ஓரத்தில் முளை, நடுவில் மாவு. நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் இரும்பு போன்ற தாதுக்களும் முதல் ரெண்டில்தான் அதிகம். மில்லில் தீட்டினா அவை போயிடும், மாவு மட்டும் மிஞ்சும். புழுங்கல் அரிசி கொஞ்சம் தப்பிச்சது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே பி1 அரிசிக்குள் இறங்கிடும். ஆனா, பாலிஷ் போட்டா அதிலும் நார்ச்சத்து காலி.

முழுத்தானியம் வழக்கமா சாப்பிடறவங்களுக்கு இதய நோய், சர்க்கரை நோய், குடல் புற்றுநோய் வாய்ப்பு குறைவுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. 'அதெல்லாம் அப்பா வயசு வியாதி'ங்கறீங்களா? சரி, உங்க வயசுக்கே வருவோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கம்பில் வெள்ளை அரிசியைவிடப் பல மடங்கு இரும்பு இருக்கு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், வெள்ளை அரிசியில் சுமார் 10-தான்!

ஆனா, ஒரு கண்டிஷன். சாப்பிட்ட கையோட டீ, காபி குடிச்சா இரும்பு உடம்பில் சரியா சேராது. வைட்டமின் சி இருந்தா நல்லா சேரும். கம்மங்கூழுக்கு மாங்காய் தொட்டுக்கறது சும்மா ருசிக்கு மட்டும் இல்லை மக்களே! அதுக்காக, ரத்தசோகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க. கூழ் அதுக்கு மாற்று இல்லை.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு டிப்ஸ். பாக்கெட் முன்னாடி 'மல்டிகிரெய்ன்'னு பெருசா போட்டிருந்தா உடனே பர்ஸைத் திறக்காதீங்க. பின்னாடி திருப்புங்க. எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரணும். முதல் பெயரே மைதான்னா, மற்ற தானியமெல்லாம் கெஸ்ட் ரோல்தான்! பிரெட் பிரவுனா இருக்க கேரமல் கலரே போதும். நிறத்தைப் பார்த்து நம்பாதீங்க. ராகி மால்ட்டில் மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுட்டு ஹெல்த் டிரிங்க்னு பீத்திக்கறதும் வேண்டாம்.

சோறே கூடாதுன்னு யாரும் சொல்லலை. ஒரு வேளையை மட்டும் மாத்துங்க. வீட்டிலிருந்து வர்றவங்க அம்மாவிடம் கேழ்வரகு அடையோ கம்பு தோசையோ கேட்டுப் பாருங்க, சந்தோஷத்தில் மயங்கிடுவாங்க! ஹாஸ்டல்வாசிகளா? மெஸ் கமிட்டி மீட்டிங்கில் சிக்கன் பீஸ் சைஸுக்காக சண்டை போடறோம் இல்லையா, அதே மூச்சில் வாரம் ரெண்டு நாள் கோதுமை சப்பாத்தி, ஒரு நாள் கம்பு அல்லது ராகின்னு எழுதிக் கொடுங்க. காசு கட்டறது நீங்க, சாப்பிடறதும் நீங்கதானே?

அந்தக் கோழிகளுக்கு ஒரு கறார் சமையல்காரர் கிடைச்சார். நமக்கு நாமதான் கறாரா இருக்கணும்!