சிறு பிள்ளைக்கு உணவுத் திருவிழா தேவையா?

விடுமுறை வந்துவிட்டால், "குழந்தையை எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்ற கேள்வி எழாத வீடே இல்லை எனலாம். உயிரியல் பூங்கா, பொருட்காட்சி, கடற்கரை என்று நீளும் பட்டியலில் அண்மைக் காலமாக உணவுத் திருவிழாவும் இடம்பிடித்துள்ளது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 முதல் 14 வரை, சென்னைத் தீவுத்திடலில் 'சிங்காரச் சென்னை உணவுத் திருவிழா'வை உணவுப் பாதுகாப்புத் துறை நடத்தியது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20 முதல் 24 வரை, மெரினா கடற்கரையில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா நடைபெற்றது. ஆரம்பாக்கத்தில் இருக்கும் நமக்குச் சென்னை தொலைவில் இல்லை. புறநகர் ரயிலில் மூர் மார்க்கெட் நிலையம் வரை சென்று, பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் திருவல்லிக்கேணியில் இறங்கலாம். அங்கிருந்து கடற்கரை நடக்கும் தூரமே.

ஆனால், பெரியவர்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கின்றனர். "நான்கு வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? காரம் தின்னத் தெரியாது. கூட்டத்தில் நிற்க முடியாது. போகவர ரயிலில் மூன்று, நான்கு மணி நேரம். பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்களேன்!" என்கின்றனர். உணவுத் திருவிழா என்பது வயிறு நிறைய உண்பதற்கே என்றால், அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. குழந்தையின் வயிறு கையளவு. அதை நிரப்ப இரண்டு இட்டிலி போதும். அதற்குச் சென்னை வரை செல்லத் தேவையில்லை.

எனினும், பிள்ளையை அழைத்துத்தான் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. அது உண்பதற்காக அன்று, காண்பதற்காக.

எதைக் காண்பதற்கு? மெரினாவில் அடுப்பின் முன் நின்றவர்கள் பெரிய ஓட்டல்களின் வெள்ளைத் தொப்பிச் சமையற்காரர்கள் அல்லர். பல மாவட்டங்களிலிருந்து வந்த சுய உதவிக் குழுப் பெண்கள். கரூர் தோல் ரொட்டி, நாமக்கல் பள்ளிபாளையம் சிக்கன், சிவகங்கை உப்புக்கறி, நீலகிரி ராகிக் களியும் அவரைக் குழம்பும், காஞ்சிபுரம் கோவில் இட்டிலி, மயிலாடுதுறை இறால் வடை, கன்னியாகுமரிப் பழம்பொரி என்று நூற்றுக்கு மேற்பட்ட பண்டங்கள் அங்கே இருந்தன. பூகோளப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் மாவட்டப் பெயர்கள், அங்கே மணமாகவும் சுவையாகவும் குழந்தையின் நினைவில் பதிகின்றன.

ஆனால் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று அங்கே உண்டு. நம் வீடுகளில் அம்மா விடியுமுன் எழுகிறாள், அடுப்பைப் பற்றவைக்கிறாள், தொழிற்பேட்டைக்குச் செல்பவர்க்கும் பள்ளிக்குச் செல்பவர்க்கும் டப்பா கட்டுகிறாள். அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. அதற்குக் கூலியும் இல்லை. உப்புக் கூடினால் மட்டும் அந்த வேலை எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது! அதே வேலையை ஒரு பெண் மெரினாவில் செய்கிறாள். அவளுடைய மாவட்டத்தின் பெயர் தலைக்கு மேல் பலகையில் இருக்கிறது. படித்தவரும் பணக்காரரும் அவள் முன் வரிசையில் நிற்கின்றனர். காசு கொடுத்து வாங்கி, "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிச் செல்கின்றனர். சமையல் ஓர் உழைப்பு, அதற்கு விலையும் மதிப்பும் உண்டு என்பதை நான்கு வயதுப் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுகொள்கிறது.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் அமைக்கப்பட்டன. சிறுகச் சிறுகச் சேமித்து, தமக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கி, வங்கிக்குச் செல்லும் துணிவு பெற்ற பெண்களின் கதை அது. கடற்கரையில் நாம் காணும் ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் அந்த நெடிய உழைப்பு இருக்கிறது.

நானும் என் அக்காளும் டிசம்பர் 24-ஆம் நாள் அவளுடைய நான்கு வயது மகனுடன் அங்கே சென்றிருந்தோம். பணியாரச் சட்டியில் மாவு ஊற்றுவதையும், கம்பியால் ஒவ்வொன்றாகப் புரட்டுவதையும் அவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பிறகு என் தாவணியை இழுத்து, "சித்தி, இவங்களுக்கு யாரு சுட்டுக் குடுப்பாங்க?" என்று கேட்டான். அது அந்த அம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் தங்கம் நான் சாப்பிடுவேன்" என்றார். எங்கள் வீட்டிலும் அக்காள் சொல்வது அதுவேதான். பிள்ளை அந்த அம்மாவையும் தன் தாயையும் மாறி மாறிப் பார்த்தான். பத்துப் பாடம் நடத்தினாலும் அவன் மனத்தில் அந்தக் கேள்வியை நம்மால் எழுப்பியிருக்க முடியுமா?

"இதெல்லாம் பெண் பிள்ளைகளுக்குத்தானே?" என்று எண்ணிவிடாதீர்கள். ஆண் பிள்ளைகளைத்தான் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? சமைப்பவரை மதிக்கச் சிறு வயதில் கற்றவன், வளர்ந்த பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழமாட்டான்.

இன்னொரு நன்மையும் உண்டு. பிறர் உணவைக் கண்டு முகம் சுளிக்கும் பழக்கம் சிறுவயதிலேயே தோன்றுகிறது. நம் ஊர் மாநில எல்லையில் இருக்கிறது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம். ஒரு வீட்டில் பழவேற்காட்டு நண்டும் இறாலும் கொதிக்கின்றன. அடுத்த வீட்டில் கோங்கூரா மணக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் சப்பாத்தி சுடுகிறார்கள். வகுப்பில் ஒருத்தியின் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைப் பொத்துபவர்கள் நம்மிடையே இல்லையா? களியையும் கருவாட்டையும் எளியோர் உணவென்று இகழ்பவர்கள் இல்லையா? அந்தக் களியை நகரத்தார் வரிசையில் நின்று வாங்குவதைப் பார்த்த குழந்தை, தன் வீட்டு உணவுக்கு வெட்கப்படாது. அடுத்தவர் உணவையும் பழிக்காது.

இனி, பெரியவர்களின் அச்சத்திற்கும் விடை சொல்ல வேண்டும். அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தால், குழந்தையின் காலளவுக்கு நம் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். நடக்கத் தெரியாத கைக்குழந்தைக்கு இந்தப் பயணம் வேண்டவே வேண்டாம். மற்றப் பிள்ளைகளை வார நாளில், கடை திறந்தவுடன் அழைத்துச் செல்வது நல்லது. ஞாயிறு மாலைக் கூட்டம் அவர்களுக்கு ஏற்றதன்று. சிறு பிள்ளை கூட்டத்தில் உணவைக் காண்பதில்லை. பெரியவர்களின் முழங்கால்களைத்தான் காண்கிறது! வீட்டிலேயே ஒரு வேளை உணவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், பசியால் அழுகை வராது. காய்ச்சி ஆறிய நீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டு, மூன்று பண்டம் சுவைத்தால் போதும்; அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா?

நிறத்தையும் புகையையும் கண்டு மயங்கக் கூடாது. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது சோதனையில் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. துணிக்கு ஏற்றும் சாயம் அது. அதே ஆண்டு ஏப்ரலில், திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகையெழக் கொடுக்கும் பிஸ்கட்டு போன்றவற்றைப் பற்றியும் எச்சரிக்கை வந்தது. பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிருள்ள அந்தத் திரவம் வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். முழு வேர்க்கடலையை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுத்தால், அது மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

கூட்டத்தில் குழந்தை கைநழுவிப் போவதே எல்லாவற்றிலும் பெரிய அச்சம். காணும் பொங்கலன்று மெரினாவில் காவல் துறையினர், பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் கட்டுகிறார்கள். அதை நாமே வீட்டில் செய்துவிடலாம். ஒரு துண்டுத் துணியும் பேனாவும் போதும். காணாமற்போன குழந்தைக்கு உதவ 1098 என்னும் எண் உண்டு என்பதையும் நினைவில் வைப்போம். குழந்தை, "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லும்போது, பார்க்காத கடைகள் பாதி இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். திருவிழாவை முழுதும் பார்க்க வேண்டும் என்பது நம் ஆசையே தவிர, குழந்தையின் ஆசையன்று.

அன்புத் தோழியரே! நம்மில் பலருக்குத் தம்பி, தங்கையர் உண்டு. அக்காள் பிள்ளைகள் உண்டு. அடுத்த விடுமுறையில் இத்தகைய விழா நடந்தால் அவர்களின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வோம். "இது யார் செய்தது? எந்த ஊர்? எத்தனை மணிக்கு எழுந்து மாவு கரைத்திருப்பார்?" என்று அவர்களோடு பேசுவோம். வாங்கியதை வீணாக்காமல் உண்ணவும், உண்ட பின் செய்தவர்க்கு நன்றி சொல்லவும் பழக்குவோம். சென்னை செல்ல வசதி இல்லையென்றாலும் குறையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நான்கு வீட்டார் நான்கு பண்டம் செய்து திண்ணையில் பகிர்ந்துகொண்டால், அதுவும் உணவுத் திருவிழாவே. அன்றைக்காவது பிள்ளைகள் பரிமாற, சமைத்தவர்கள் முதல் பந்தியில் அமரட்டும்!