மேலே 0 வெச்சா விளையாட்டு வளராது

1/ நேத்து சாயங்காலம் திருமுல்லைவாயில் கிளினிக்ல, காய்ச்சலுக்கு வந்த பத்து வயசுப் பையன் கேட்டான்: "டாக்டர், நீங்க செஸ் ஆடுவீங்களா? ஆன்லைன்ல நான் கூப்பிட்டா யாருமே சீக்கிரம் வர மாட்டேங்கிறாங்க."

2/ போனை வாங்கிப் பார்த்தேன். அவன் ரேட்டிங் 1000. எதிராளிக்கான வரம்பு: கீழே 400, மேலே 0. அதாவது 600லேர்ந்து 1000 வரை உள்ளவங்க மட்டும் வரலாம். அப்படி வெச்சது அப்பா. "தோத்தா அழறான் சார், அதான்"னார்.

3/ அக்கறை புரியுது. ஆனா வரம்பு ரெண்டு பக்கமும் பொருந்தணும். 700ல இருக்கிறவர் தனக்கு மேல 300 வரை அனுமதிச்சிருந்தாதான் ஜோடி சேரும். எல்லாரும் தனக்குக் கீழயே ஆள் தேடினா, யாருக்கும் யாரும் கிடைக்க மாட்டாங்க.

4/ கணக்கும் உதைக்குது. எலோ முறைப்படி, 400 குறைவானவரோட 100 ஆட்டம் ஆடினா சுமார் 91 பாயிண்ட் எடுக்கணும்னு எதிர்பார்ப்பு. அதனால ஜெயிச்சா ரேட்டிங் கொஞ்சம்தான் ஏறும். தோத்தா அதைப்போல பத்து மடங்கு இறங்கும். தோல்விக்குப் பயந்து வெச்ச வரம்பு, ஒவ்வொரு தோல்வியையும் பெருசாக்கிடுது.

5/ அதுக்காக வரம்பே வேணாம்னு சொல்லல. 2000 ரேட்டிங்காரர்கிட்ட பத்து மூவ்ல மாட்டினா, எங்க தப்பு பண்ணோம்னே பையனுக்குத் தெரியாது. மருந்து மாதிரிதான், அளவு முக்கியம். என் யோசனை: கீழே 100, மேலே 200. தன்னைவிட 200 கூடுதலானவர்கிட்ட நூத்துக்கு 24 பாயிண்ட் வரும். அடியும் விழும், நம்பிக்கையும் போகாது.

6/ புதுசா கணக்கு தொடங்கினவங்களுக்கு: லிசெஸ்ல எல்லாருக்கும் ஆரம்பம் 1500, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. ஒரே ஒரு பிபி ரீடிங்கை வெச்சு நான் மாத்திரை எழுத மாட்டேன். அந்தக் கேள்விக்குறி போற வரைக்கும் எண்ணைப் பார்த்துக் கலங்காதீங்க.

7/ 2022 பிப்ரவரி. நம்ம பக்கத்துப் பாடிப் பையன் பிரக்ஞானந்தா, ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டியில கறுப்புக் காயோட கார்ல்சனை ஜெயிச்சார். வயசு 16. ஃபிடே ரேட்டிங் அவருக்கு 2612, கார்ல்சனுக்கு 2865. கணக்குப்படி நூத்துக்கு 19 பாயிண்ட்தான் எதிர்பார்ப்பு. "மேலே 0"ன்னு வாழ்ந்திருந்தா அந்த ராத்திரி நமக்கு இல்லை.

8/ அப்பாகிட்ட சொன்னேன்: "அழட்டும் சார். தோத்த ஆட்டத்தைப் பக்கத்துல உக்காந்து அவனோட ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அது போதும்."

பையன் அங்கேயே மேலே 200ன்னு மாத்தினான். அப்பா தடுக்கல.

காய்ச்சல் விட்டப்புறம் ஆடுடான்னு சொல்லி அனுப்பினேன்.