கேளுங்கள், சொல்கிறோம்: பிரிக்ஸ் கூடியது, வெல்லம் இறுகவில்லை!

கேள்வி: கவுந்தப்பாடி பக்கம் ஒன்றரை ஏக்கர் கரும்பு. மாசிக் கடைசியில் வெட்டினேன். ஆலை கிடைக்காமல் 3 நாள் கழித்துத்தான் ஆட்ட முடிந்தது. வெட்டிய அன்று பிரிக்ஸ் 19, ஆட்டிய அன்று 21. இனிப்பு ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அச்சில் ஊற்றிய வெல்லம் பிசுபிசுவென்று கிடக்கிறது. சந்தையில் விலை கேட்க ஆளில்லை. ஆலைக்காரர் கரும்பைக் குறை சொல்கிறார். நான் அவர் போட்ட சுண்ணாம்பைச் சொல்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: பெரும்பங்கு ஆலைக்காரர் சொல்வதுதான் சரிங்க. வெட்டிய நிமிடமே கரும்புக்குள் சர்க்கரை உடைய ஆரம்பித்துவிடும். ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒரு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். இந்த இரண்டும் ஈரத்தை இழுக்கும், பாகை இறுக விடாது.

அப்படியானால் பிரிக்ஸ் ஏன் ஏறியது? வெயிலில் கரும்பின் தண்ணீர் வற்றியதால். பிரிக்ஸ் மீட்டர் சாற்றில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். நல்ல சர்க்கரை எது, உடைந்தது எது என்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு 342 கிராம் சர்க்கரை உடைந்தால் 360 கிராம் கிடைக்கும். அதனால் உடைந்தாலும் அளவு இறங்காது. இந்த ஏமாற்றம் பலருக்கும் நடக்கிறது.

உடையும் வேகத்தைக் கூட்டுவது எது? முதலில் சூடு. பொதுவாக 10 டிகிரி ஏறினால் பல வினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். புளிப்பில் சர்க்கரை உடைவது அதைவிட அதிகமாகவே கூடும். அடுத்தது அந்தப் புளிப்பு. அதோடு கரும்பிலேயே இருக்கும் நொதியும், வெட்டுவாய் வழியாகப் புகும் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். துண்டு துண்டாக நறுக்கியது, தீப்பிடித்தது என்றால் இன்னும் மோசம். ரகம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கோ 86032 ஆனாலும் வெட்டிய பிறகு கதை இதுதான்.

ஒரு வேடிக்கை: ஒரு ரசாயன வினையின் வேகத்தை உலகில் முதன்முதலாகச் சரியாக அளந்தது இதே சர்க்கரையில்தான். 1850-ல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்து, அதன் வழியே செல்லும் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று நேரம் வைத்துப் பார்த்தார். நல்ல சர்க்கரை ஒளியை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும். மீதி சர்க்கரை குறையக் குறைய வேகமும் குறைவதைக் கண்டார். சர்க்கரை ஆலைகளில் 'போல்' பார்ப்பது இன்றும் இந்த முறையில்தான்.

நமக்கு அந்தக் கருவி வேண்டாம். பெனடிக்ட் கரைசல் போதும். முன்பு சிறுநீரில் சர்க்கரை பார்த்த அதே நீலத் தண்ணீர்தான். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். ஒரு பங்கு கரும்புப்பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதில் 8 சொட்டை 5 மில்லி கரைசலில் விட்டு, கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் வையுங்கள். உடைந்த சர்க்கரை கூடக் கூட நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போகும். வெட்டிய அன்று ஒன்று, பிறகு தினமும் அதே நேரத்தில் ஒன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது கண்ணுக்கே தெரியும்.

சுண்ணாம்பு விஷயம்: தெளிந்த சுண்ணாம்பு நீர் சாற்றின் புளிப்பைக் குறைத்து, கொப்பரையில் மேலும் உடைவதைத் தடுக்கும். ஏற்கெனவே உடைந்ததை ஒட்டவைக்காது. அதிகமானால் உடைந்த சர்க்கரை கருத்து, வெல்லம் நிறம் கெடும்.

அடுத்த முறை ஆலைத் தேதி உறுதியான பிறகே கத்தி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிட வேண்டும். முடியாவிட்டால் முழுக் கரும்பாகவே நிழலில் அடுக்கி, சோகை மூடி, தண்ணீர் தெளித்து வையுங்கள். கையிலுள்ள பிசுபிசு வெல்லத்தை வீணாக்க வேண்டாம். 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு 2 கிலோ போகும். நுண்ணுயிர்களுக்கு உடைந்த சர்க்கரைதான் இன்னும் வசதி.