தண்ணீரைச் சேமிக்கச் சொல்கிறவர்கள் அதை யாரிடம் சொல்கிறார்கள்?

ஜூன் 5 வந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் ஓவியப் போட்டி. சொட்டும் குழாய், அழும் பூமி, கீழே 'நீரின்றி அமையாது உலகு'. நாங்களும் வரைந்திருக்கிறோம், பரிசாக எவர்சில்வர் டம்ளரும் வாங்கியிருக்கிறோம். ஆனால் போட்டி முடிந்ததும் வகுப்பைப் பெருக்கியது யார்? கழிப்பறைக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கியது யார்? காலனிப் பிள்ளைகள்தான். சுற்றுச்சூழல் கல்வியில் நாங்கள் கற்ற முதல் பாடம் அது: பூமியைக் காப்பாற்றுவது எல்லோருடைய கடமை, ஆனால் துடைப்பம் மட்டும் எங்கள் கைக்கு.

அந்தப் பாடத்தின் அடுத்த பக்கம் கங்கைகொண்டானில் இருக்கிறது. நெல்லைக்கு வடக்கே, மதுரை நாலுவழிச் சாலையில், சிப்காட் வளாகம். அங்கே குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் போகிறது. கோகோ கோலா ஆலை வந்தபோது, 2005-06 ஆண்டுகளில், ஊர் மக்களும் இயக்கங்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆலை நின்றுவிடவில்லை. பிறகு பெப்சியும் வந்தது.

2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்த ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2 அன்று வழக்கே தள்ளுபடியானது. ஆற்றில் மிஞ்சிப் போகிற உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்பது அரசுத் தரப்பு வாதம். அந்த வழக்கில் பேசப்பட்ட விலை ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள், லிட்டருக்கு நாலு காசுகூட வரவில்லை.

'உபரி' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அதே 2017 ஜனவரியில்தான் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று இதே அரசு அறிவித்திருந்தது. ஜனவரியில் வறட்சி, மார்ச்சில் உபரி! ஆற்றின் கடைமடையில் வயல் காய்ந்தவனுக்கும், ஒரு குழாயடியில் இருபது குடம் வரிசை போட்டுக் காத்திருப்பவளுக்கும் இந்தச் சொல் விளங்காது. உபரி என்பது ஆற்றின் குணம் அல்ல. யாருடைய தாகத்தைக் கணக்கில் எடுப்பது, யாருடையதை விடுவது என்று முடிவு செய்தபிறகு மிஞ்சுகிற எண் அது.

இந்த ஆற்றைப் பற்றிப் பேசும்போது 1999 ஜூலை 23-ஐச் சொல்லாமல் கடப்பது எங்களுக்கு முடியாது. கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் செத்தார்கள், அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. தாமிரபரணி சிலருக்குப் புண்ணிய தீர்த்தம், சிலருக்கு மூலப்பொருள். எங்களுக்கு அது நினைவிடம்.

அதே மாஞ்சோலையில் 2024-ல் நடந்ததைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் காட்டை வாங்கித் தேயிலை போட்டது பாம்பே பர்மா நிறுவனம். நாலு தலைமுறை உழைப்பை எடுத்துக்கொண்டு, குத்தகை முடியும் முன்பே விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டி, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. இது புலிகள் காப்பகம், காடு காடாக வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான், நாங்களும் அதையே சொல்கிறோம். ஆனால் காட்டை வெட்டி லாபம் பார்த்தவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம், கொழுந்து பறித்தவள் மட்டும் காட்டுக்கு ஆகாதவளா? அவளுக்கு நிலமும் வேலையும் இல்லாமல் மலையிலிருந்து இறக்கிவிடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால், அந்தப் பாதுகாப்பு யாருக்கு?

கங்கைகொண்டானிலேயே 2013-ல் புள்ளிமான் சரணாலயம் அறிவித்தார்கள். சுமார் 288 ஹெக்டேர். மானுக்கு நாங்கள் எதிரி இல்லை. ஒரு பக்கம் சரணாலயம், ஒரு பக்கம் சிப்காட், நடுவில் நாலுவழிச் சாலை. இதற்கிடையில் தண்ணீர் தேடி அலைகிற மானும் காலனிப் பெண்ணும் ஒரே திட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

'ஆலை வந்தால் வேலை வரும்' என்பீர்கள். வரட்டும். எத்தனை வேலை நிரந்தரம், எத்தனை ஒப்பந்தம், சேரிப் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் நிற்கிறார்களா, லாரியில் பாரம் ஏற்றுகிறார்களா? அதையும் கேட்டுவிட்டுப் பேசுவோம்.

இப்போது 'நீடித்த வாழ்வு' என்று ஒரு பேச்சு. குறைவாக வாங்கு, கிழிந்ததைத் தைத்துப் போடு, தண்ணீரை அளந்து செலவழி. எங்கள் ஆச்சிகள் ஆயுள் முழுக்க அப்படித்தான் வாழ்ந்தார்கள். அது தத்துவம் அல்ல, வறுமை. பொதுக்கிணற்றில் இறைக்க விடாததால் அளந்து செலவழித்தார்கள். அதை இன்று எளிமை என்று புகழ்வது, பட்டினியை விரதம் என்று சொல்வது போல.

எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பாடப்புத்தகத்தில் நீர் சுழற்சி இருக்கிறது, நீர்ப் பங்கீடு இல்லை. மாசு இருக்கிறது, தீட்டு இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். இது எந்த வகை நீர் மாசு? எந்தத் தேர்விலாவது இந்தக் கேள்வி வந்திருக்கிறதா?

இந்த நாட்டின் மாபெரும் நீர்ப் போராட்டம் ஒன்றை நடத்தியவர் அண்ணல் அம்பேத்கர். மகாத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924-லேயே தாளில் எழுதியிருந்தது. தாளில் இருந்த உரிமையை 1927 மார்ச் 20 அன்று கையில் அள்ளிக் குடித்துக் காட்டினார்கள் நம் மக்கள். அதன்பிறகு அந்தக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள் சாதி இந்துக்கள். சுற்றுச்சூழல் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

மாணவத் தோழர்களே, மரக்கன்று நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பத்து ரூபாய் செலவழித்துத் தகவல் உரிமை மனு ஒன்றும் போடுங்கள். உங்கள் பகுதி ஆற்றிலிருந்து எந்த ஆலைக்கு, நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், என்ன விலைக்குப் போகிறது? கோடையில் அந்த அளவு குறைக்கப்படுகிறதா? உங்கள் ஊர் காலனிக்கு ஆளுக்கு எத்தனை லிட்டர் வருகிறது? பதிலை ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

மகாத் நாள் மார்ச் 20. உலகத் தண்ணீர் தினம் மார்ச் 22. அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடுகிறது. நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளில் தெருத்தெருவாகப் போய் மக்களைத் திரட்டுங்கள். 22-ஆம் தேதி அந்தத் தாளோடு சபையின் முன்வரிசையில் உட்காருங்கள், பின்னால் நிற்காதீர்கள்.