திரை சொல்வதுதான் கணக்கா?

"கம்ப்யூட்டர் வேண்டாம்னு கொடி பிடிச்சவங்கதானே மாமா நீங்க எல்லாம்?" என் மாப்பிள்ளை என்னைச் சீண்டுவதற்கென்றே வைத்திருக்கும் கேள்வி இது. அவருக்குச் சென்னையில் கணினித் துறையில் வேலை. கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பழைய முறையை எடுத்துவிட்டுப் புதியதைப் புகுத்துவார். அதற்கு 'டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று பெயராம். அந்தப் பெயர் தெரியாமலே நாங்கள் தஞ்சை ஜில்லாக் கிளைகளில் இருபது வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

கொடி பிடித்தது நிஜம்தான். அறுபதுகளில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் கட்டடத்தையே காவல் காத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. எங்கள் கிளை வாசலிலும் வாயிற்கூட்டம் நடந்தது. ஆனால் அந்தக் கொடியால் என்ன கிடைத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. 1983-ல் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1987-லும் 1993-லும் அது விரிவானது. எந்த இயந்திரம், எந்த வேலைக்கு, எத்தனை என்பதெல்லாம் பேசி முடிவானது. இயந்திரத்தில் உட்காருபவருக்குத் தனிப்படி உண்டு. அதே சமயம், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி ஒரு குழு போட்டு, 1984-ல் கணினிமயத்துக்கு வழி வகுத்தது. இரண்டு பக்கமும் இழுத்த இழுப்பில் வேகம் குறைந்தது. அந்த வேகக் குறைவுதான் எங்களைக் காப்பாற்றியது என்பது என் கட்சி.

எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் இயந்திரம் வந்தபோது, கிளையிலேயே ஏசி போட்ட ஒரே அறை அதற்குத்தான். மேனேஜருக்குக்கூட மின்விசிறிதான்! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி. வாடிக்கையாளர்களும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் லெட்ஜரை உடனே தூக்கிப் போடவில்லை. மாதக்கணக்கில் இரண்டும் சேர்ந்தே ஓடின. பகலில் கையால் எழுதுவோம், சாயங்காலம் இயந்திரத்தில் ஏற்றுவோம், இரண்டையும் ஒப்பிடுவோம். இரட்டை வேலை என்று அப்போது முணுமுணுக்காத ஆள் இல்லை.

அந்த ஒப்பீட்டில்தான் ஒரு நாள் வட்டிக் கணக்கு இடித்தது. மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்த பையன், "மெஷின் தப்பு பண்ணாது சார், உங்க லெட்ஜரைப் பாருங்க" என்றான். எங்கள் தலைமை எழுத்தர் (காரைக்கால் பக்கத்துக்காரர், வெற்றிலைப் பெட்டி இல்லாமல் உட்கார மாட்டார்) அசையவில்லை. "என் லெட்ஜர் முப்பது வருஷமா பொய் சொன்னதில்ல தம்பி" என்று சொல்லி, ஒவ்வொரு கணக்காக விரல் வைத்துக்கொண்டே போனார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிடிபட்டது. ஊழியர்களின் டெபாசிட்டுக்கு ஒரு சதவீதம் கூடுதல் வட்டி உண்டு. வேறு சில சாதாரணக் கணக்குகளும் அந்த வகையில் விழுந்து, அவற்றுக்கும் கூடுதல் வட்டி போட்டிருந்தது இயந்திரம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். தவறு பெரிதா சின்னதா என்பதல்ல விஷயம். இயந்திரத்தைப் பார்த்து "நீ சொல்வது தப்பு" என்று சொல்ல ஒரு மனிதர் இருந்தார். சொல்வதற்கு அவர் கையில் ஆதாரம் இருந்தது. கேட்பதற்கு மேனேஜரும் இருந்தார். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த வட்டி அப்படியே போயிருக்கும்.

கணினியால் நன்மை இல்லை என்று நான் சொன்னால் என் வாய் அழுகிவிடும். சேமிப்புக் கணக்கு வட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மாதத்தில் 10-ம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. சம்பா நெல்லை விற்றுவிட்டு ஒரு விவசாயி ஜனவரி 12-ல் பணம் கட்டினால், அந்த மாதம் அந்தப் பணத்துக்கு ஒரு காசு வட்டி கிடையாது. தினசரி இருப்புக்கு வட்டி போடுவது கையால் ஆகிற காரியமா? எல்லாக் கிளையும் கணினிக்கு வந்த பிறகுதான் 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி தினசரி இருப்புக்கு வட்டி என்று மாற்றியது. நூறு வருஷமாகக் குடியானவன் விட்டுக்கொண்டிருந்த பணம் அவன் கைக்கு வந்தது. இதை நாங்கள் எந்த வாயிற்கூட்டத்திலும் கேட்டதில்லை!

பிறகு வேகம் பிடித்தது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து அரசு வங்கிகளிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் போனார்கள். எங்கள் தலைமை எழுத்தரும் அதில் போனார். ஐந்து கோவிந்தசாமிகளில் எந்தக் கோவிந்தசாமி மேலத்தெரு, எவர் அய்யனார் கோயிலடி என்பது அவர் தலையில் மட்டும் இருந்த தகவல். அடுத்து கோர் பேங்கிங் வந்தது. கணக்கு கிளையை விட்டுக் கிளம்பி எங்கோ ஒரு சர்வருக்குப் போனது. பெயரில் ஓர் எழுத்துத் திருத்தவும் மேலிடத்துக்கு மெயில் போட வேண்டிய நிலை. கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, 2016-ல் சென்னையில் லட்சுமி என்று ஒரு ரோபோவையே வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல நிறுத்தியது. நல்லதுதான். ஆனால் ரோபோவிடம் "நீ சொல்றது தப்பும்மா" என்று சொன்னால் அது யாரிடம் போய்ச் சொல்லும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

திரையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1999 முதல் அங்கே தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்று ஒரு கணினி முறை. ஃபுஜிட்சு கம்பெனி கொடுத்தது. கிராமத்துத் துணைத் தபால் நிலையங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைகிறது என்று திரை சொன்னது. "நாங்கள் எடுக்கவில்லை" என்றவர்களை நிர்வாகம் நம்பவில்லை. கைப்பணத்தைக் கட்டினார்கள், வீட்டை விற்றார்கள், சிறைக்கும் போனார்கள். 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. மென்பொருளில்தான் கோளாறு என்று தெரிந்து, 2024-ல் ஒரு தனிச் சட்டமே போட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தார்கள். அவர்களிடம் லெட்ஜர் இல்லை. சொன்னதைக் கேட்க ஒரு மேனேஜரும் இல்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதே மாற்றம் இப்போது நம் வயல் வரப்புக்கு வந்திருக்கிறது. நெல் கொள்முதலுக்கு 2021-ன் கடைசியில் இணையப் பதிவு வந்தது. ஆதார், சர்வே எண், வங்கிக் கணக்கு கொடுத்துப் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க வேண்டும். வியாபாரிகள் விவசாயி பேரில் வெளி நெல்லைக் கொண்டுவந்து தள்ளுவதைத் தடுக்க ஒரு வழி வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இது டெல்டா. இங்கே பட்டா தாத்தா பேரில் இருக்கும், சாகுபடி பேரன் செய்வான். கோயில் நிலம், மடத்து நிலம், வாய்மொழிக் குத்தகை. குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்தும் பதிவேட்டில் ஏறாத குத்தகைதாரர்கள் இன்னும் நிறைய. படிவத்தில் அவர்களுக்குச் சரியான கட்டம் எது? திரை 'இல்லை' என்றால் இல்லைதான். களத்தில் கொட்டிய நெல்லுக்கு அது தெரியுமா? 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் தனித்தளர்வு வர வேண்டும். பதிவுச் சிக்கல் தீருவதற்குள் ஒரு மழை வந்தால் போதும், நெல் முளைத்துவிடும்.

வங்கியில் மாற்றத்தின் செலவை ஊழியர்கள் சுமந்தோம், இரட்டை வேலை பார்த்தோம். இங்கே அந்தச் செலவை விவசாயி சுமக்கிறான். எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

அடுத்தது கூட்டுறவுச் சங்கங்கள். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண் கடன் சங்கங்களை ஒரே மென்பொருளில் கொண்டுவர 2022 ஜூனில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. நல்ல திட்டம். ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒருவர் பெயர் சரியாக ஏறுவது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அப்படி ஒன்று மறுபடி வரும் நாளில், தகப்பன் பெயர் மாறி ஏறிய கோவிந்தசாமி எந்த ஜன்னலில் போய் நிற்பான்?

நான் கேட்பது ரொம்பப் பெரிய விஷயமில்லை. சங்கத்தில் பழைய பேரேட்டை ஒரு முழுச் சாகுபடி வருஷமாவது கணினியோடு சேர்த்து ஓட்டட்டும். ஏற்றிய பெயர்ப் பட்டியலை அச்செடுத்துச் சங்கத்துச் சுவரில் ஒட்டி, கிராமசபையில் உரக்கப் படிக்கட்டும். தப்பை ஊரே சொல்லும், சம்பளம் வாங்காமல். கொள்முதல் நிலையத்தில் திரை மறுத்தாலும், கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், நெல்லை எடை போட்டுக் கையால் ரசீது எழுதிக் கொடுக்கப் பட்டியல் எழுத்தருக்கு அதிகாரம் கொடுக்கட்டும். நெல் மூட்டையில் ஏறட்டும், கணக்கைப் பதினைந்து நாளில் சரிசெய்துகொள்ளலாம். குறுவை அறுவடைக்கு முன்னால் ஓர் ஆணை போட்டால் போதும், புது மென்பொருள்கூட வேண்டாம்.