மலிவு பெலட் கிரில்லை நம்பி வாங்கலாமா? என் மாணவனுக்குச் சொன்ன பதில்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை என்னிடம் படித்த தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கீரிமலைப் பக்கம்தான் வீடு. உயர்தரம் எழுதி மூன்று வருடம், கிடைத்த வேலையெல்லாம் செய்து பார்த்துவிட்டான். இப்போது சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று நிற்கிறான். கனடாவில் இருந்து வந்த உறவினர் ஒருவர் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஒரு பெலட் கிரில்லும் எடுத்து வந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது அதை விற்றுவிட்டுப் போக விருப்பம். ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கேட்கிறார். தம்பியின் திட்டம், அதை வாங்கி காங்கேசன்துறைப் பக்கம் பின்னேரங்களில் கோழி சுட்டு விற்பது. நாகபட்டினக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் சன நடமாட்டம் கூடியிருக்கிறது, கடற்கரைக்கும் ஆட்கள் வருகிறார்கள். யோசனை பிழையில்லை. (கோயிலும் கேணியும் உள்ள இடத்தில் மச்சம் சமைக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. யாரும் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம்.)

“சேர், இது விலை குறைஞ்ச மொடல்தான். நம்பி எடுக்கலாமோ?” என்று கேட்டான்.

காசு எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “அம்மான்ர சங்கிலியை அடகு வைக்கிறதாக் கதைச்சிருக்கிறம்” என்றான். இடம்பெயர்ந்து திரிந்த காலம் முழுக்க விற்காமல் காப்பாற்றிய சங்கிலி. 1990இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தில் வளர்ந்தவன் நான். ஒரு தாயின் கழுத்தில் மிஞ்சிய நகை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கேட்டு, போய் அந்த அடுப்பையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: “கனடாவில எண்டால் வாங்கு. கீரிமலையில எண்டால் வேண்டாம்.”

அவனுக்குச் சொன்ன காரணங்களை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு இரண்டு மூன்று பேரும் கேட்டுவிட்டார்கள்.

முதலில், இது என்ன சாமான்? மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சித் துண்டுகள்தான் பெலட். ஆறு மில்லிமீற்றர் அளவு தடிப்பு, கோழித்தீன் மாதிரி இருக்கும். அடுப்பின் பக்கத்தில் உள்ள பெட்டியில் அதைக் கொட்டினால், ஒரு திருகுத் தண்டு மெதுவாகச் சுற்றி நெருப்புக் கிண்ணத்துக்குள் கொண்டுபோய்ப் போடும். மின்சாரத்தில் சூடாகும் ஒரு கம்பி அதைப் பற்றவைக்கும். விசிறி காற்று ஊதும். உள்ளே இருக்கும் வெப்ப உணரி சூட்டைப் பார்த்துச் சொல்ல, கொன்ட்ரோலர் திருகுத் தண்டைக் கூட்டிக் குறைக்கும். 110 பாகை செல்சியஸ் என்று வைத்துவிட்டுப் போனால் மணிக்கணக்காக அந்த அளவிலேயே நிற்கும். பக்கத்தில் நின்று விசிறத் தேவையில்லை. அருமையான யோசனைதான், நான் மறுக்கவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ ட்ரேகர் 1980களின் நடுப்பகுதியில் இதைச் செய்தார். 1986இல் காப்புரிமை கிடைத்தது. 2006 அளவில் அது காலாவதியாக, மற்றக் கொம்பனிகளும் இறங்கின. சீனாவில் செய்து வந்த மலிவு மொடல்கள் பெருகின. இன்று அங்கே 300 டொலரில் இருந்து 500 டொலருக்குள் ஒன்று வாங்கலாம்.

மலிவு என்பதற்காக அவை குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. விலை கூடியதிலும் இதே திருகுத் தண்டு, இதே கம்பி, இதே விசிறிதான். மலிவானதில் தகடு மெல்லிசு, பெயின்ற் கெதியாக உரியும், சூடு கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் அங்கே கம்பி எரிந்துபோனால் கடையில் புதியது வாங்கி மாற்றலாம். உத்தரவாதக் காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்போடு பாகம் தபாலில் வரும். பெலட் மூட்டை பல்பொருள் அங்காடியிலேயே இருக்கும். அதனால் அந்த ஊரில் மலிவு கிரில்லும் நம்பக்கூடிய சாமான். அதே சாமான் கீரிமலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

ஒன்று, கறண்ட். கனடாவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட், 60 ஹேட்ஸ். எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேட்ஸ். நேரே சொருகினால் அன்றைக்கே கொன்ட்ரோலர் கருகும். ட்ரான்ஸ்போமர் போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம், ஆனால் மீடிறன் 50 ஆகவே இருக்கும். திருகுத் தண்டைச் சுற்றும் சாதாரண ஏசி மோட்டரின் வேகம் மீடிறனில் தங்கியிருப்பது. 60க்குச் செய்தது 50இல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், விசிறியும் இளைக்கும். நல்ல கொன்ட்ரோலர் என்றால் ஓரளவு ஈடுசெய்யும். மலிவு மொடலில் அதை எதிர்பார்க்க முடியாது. நேரோட்ட மோட்டர் வைத்த புதிய மொடல்களில் இந்தத் தொல்லை குறைவு. தம்பி பார்த்தது பழைய வகை.

கறண்ட் நின்றால் இன்னொரு சிக்கல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். அது போகட்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கால் நாடே இருண்டது. கரி அடுப்புக்காரனுக்கு அன்றைக்கும் வியாபாரம் நடக்கும். பெலட் அடுப்புக்காரன் அரைவேக்காட்டுக் கோழியோடு நிற்பான். விசிறி நின்றுவிட்டால் கிண்ணத்து நெருப்பு திருகுத் தண்டு வழியாகப் பெட்டிக்குள் பின்வாங்கவும் கூடும்.

இரண்டு, பெலட். கோழி சுடும் சூட்டில் மணிக்குச் சுமாராக ஒரு கிலோ பிடிக்கும். பின்னேரம் ஐந்து மணித்தியாலம் கடை என்றால் நாளுக்கு 5 கிலோ. மாதம் 26 நாள் என்றால் 130 கிலோ. மூட்டை ஒன்று 9 கிலோ. மாதத்துக்குப் பதினான்கு பதினைந்து மூட்டை. மாமா விட்டுவிட்டுப் போவது இரண்டு மூட்டை! “இங்கயும் பெலட் செய்யினமாம் சேர்” என்றான். தொழிற்சாலைக் கொதிகலனுக்குச் செய்ததைச் சாப்பாட்டுக்கு எரிக்கக் கூடாது. அது என்ன மரம், மருந்தடித்த பலகையின் தூளா, பெயின்ற் கலந்ததா என்று யாருக்குத் தெரியும்? அந்தப் புகைதான் கோழியில் படியப் போகிறது.

மூன்று, எங்கள் கடற்காற்று. பெலட் ஈரம் பட்டால் ஊதிப் பொருபொருவென்று உதிரும். உதிர்ந்த தூள் திருகுத் தண்டைச் சுற்றி இறுகி அடைத்துக்கொள்ளும். மாரி மாதத்தில் கீரிமலையில் உப்புப் போத்தலே கசிகிறது, பெலட் மூட்டையை எப்படிக் காப்பது? மெல்லிய தகட்டை உப்புக்காற்று என்ன செய்யும் என்பதைக் கடலோரம் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டு யன்னல் கம்பியைப் பாருங்கள்.

நான்கு, பழுது. அந்தக் கம்பியோ உணரியோ யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் இருக்கிறது? கேட்டுப் பார்த்தேன். “ஓடர் பண்ணித்தான் எடுக்கோணும்” என்றார்கள். ஓடர் பண்ணி வரும்வரை கடை பூட்டு. அடகு வட்டிக்கு லீவு கிடையாது.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது போல ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். திருகுத் தண்டு, கம்பி, விசிறி, கொன்ட்ரோலர் என்று நான்கு. கறண்டும் காய்ந்த பெலட்டும் சேர்த்தால் ஆறு. ஆறும் சரியாக இருந்தால்தான் அன்றைக்கு வியாபாரம். ஒவ்வொன்றும் 100 நாளில் 95 நாள் ஒழுங்காக இருக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 0.95ஐ ஆறு தரம் பெருக்கினால் ஏறக்குறைய 0.74. அதாவது நான்கு நாளில் ஒரு நாள் கடை இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல சாமான்தான். ஒன்றையொன்று நம்பி நிற்கும்போதுதான் இப்படி ஆகிறது.

“சேர் எல்லாத்துக்கும் பயம்” என்று சிலர் சொல்வீர்கள். நானும் பட்டவன்தான். 2021 கடைசியில் ஊர் ஊராகக் காஸ் அடுப்புகள் வெடித்ததும், அதற்குப் பிறகு சிலிண்டருக்கு நின்ற வரிசைகளும் ஞாபகம் இருக்கும். 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. அப்போது நான் விசிறி பூட்டிய விறகு அடுப்பு ஒன்று வாங்கினேன். இருந்ததில் மலிவானது. முதல் மாதம் வீட்டில் எல்லோருக்கும் புளுகம், புகையே இல்லை. நான்காம் மாதம் விசிறி நின்றது. வாங்கின இடத்தில் கேட்டால் அந்த அளவு விசிறி இனி வராது என்றார்கள். அந்த அடுப்பு இன்று எங்கள் வீட்டில் பூச்சாடி. பக்கத்தில் மாமி பூசி வைத்த மண் அடுப்பு இன்னும் எரிகிறது.

அதற்காக மண் அடுப்புத்தான் சொர்க்கம் என்று நான் எழுதவில்லை. வீட்டுக்குள் எரிகிற அடுப்புப் புகையால் 2020இல் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் செத்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தாய்மாரின் இருமல் எங்களுக்குத் தெரியும். நல்ல அடுப்பு வேண்டும். ஆனால் இந்த நாட்டில் நிலைத்த நல்ல அடுப்பு எது என்று பாருங்கள். 1980களில் உருவான ‘அனகி’ என்ற இரண்டு வாய் மண் அடுப்பு. சாதாரண மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவு. ஊர்க் குயவரே செய்யலாம். உடைந்தால் அடுத்த சந்தையில் இன்னொன்று வாங்கலாம். அது பரவியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

தம்பிக்கு நான் சொன்ன மாற்று வழி இதுதான்.

சுன்னாகம் பக்கம் வெல்டிங் பட்டறையில் அரைப் பரல் அடுப்பு ஒன்று மூடியோடு அடிப்பது. தடித்த தகடு, இரண்டு பக்கமும் காற்று வாசல். விசாரித்த விலை அந்தக் கிரில்லின் கால்வாசிக்கும் கீழே. இரசாயனம் இருந்த பரல் வேண்டாம். நாகம் பூசிய கம்பி வலையும் வேண்டாம், சூட்டில் அந்தப் பூச்சு நஞ்சு. எரிபொருளுக்குச் சிரட்டைக் கரி. இலங்கைச் சிரட்டைக் கரியைத் தேடி உலகம் வருகிறது, நாங்கள் அமெரிக்க மரத்தூளைத் தேடுகிறோம்! எங்கள் ஊரில் ஊமல் கரியும் இருக்கிறது. தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வைத்து மூடினால் பெலட் கிரில் செய்கிற வேலையில் பெரும்பகுதி நடக்கும். நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தொழில் என்றால் நிற்கத்தானே வேணும்?

மிச்சக் காசில் ஒரு சின்ன விஷயத்துக்குச் செலவழிக்கச் சொன்னேன். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி. கோழியின் தடித்த இடத்தில் 74 பாகை காட்டினால் வெந்துவிட்டது. வாங்கிச் சாப்பிடுபவனுக்கு வயிறு கெடாமல் இருப்பதுதான் கடையின் பெயர்.

இதை வாசிக்கிற ரொறன்ரோ, லண்டன் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பாவிக்க மலிவு பெலட் கிரில் வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். கம்பியும் உணரியும் தனியாக விற்கிற மொடலா என்று மட்டும் முதலில் பாருங்கள். சாம்பல் கிண்ணத்தை ஒழுங்காகத் துப்புரவாக்குங்கள், எண்ணெய்த் தட்டைக் கழுவுங்கள், பெலட்டை மூடிய வாளியில் வையுங்கள். ஊருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், கிரில்லுக்கும் கப்பலுக்கும் கொடுக்கிற காசை ஒரு பிள்ளையின் தொழிலுக்குக் கையில் கொடுங்கள். ஊர்ப் பட்டறைக்கும் வேலை கிடைக்கும்.

விற்க நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவம் ஹதீஸில் இருக்கிறது. ஈரத்தை வாங்குபவர் பார்க்கும்படி மேலே வைக்கவில்லையே என்றுதான் விற்பனையாளரைக் கேட்டார்கள். எந்த மதத்தவருக்கும் பொருந்தும் நீதி அது. 120 வோல்ட் சாமானை விற்பவர் 120 வோல்ட் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். எங்கள் தம்பிக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஏமாற்ற நினைத்து மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கே அது தோன்றியிருக்காது. ஆனால் நட்டம் ஒன்றுதான்.

நேற்று இரவு தம்பி தொலைபேசியில் எடுத்தான். கொஞ்சம் மனவருத்தம்தான். புது மெசின் ஒன்று கடையில் மினுங்கினால் சனம் வரும் என்று நினைத்திருந்தான். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கடைசியில், “சேர், சனிக்கிழமை பட்டறைக்கு வாறீங்களோ? அளவு சொல்லோணும்” என்றான். போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

சங்கிலி இன்னும் அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது.

பரல் அடுப்பில் தொழில் செய்த அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். காற்று வாசல் எத்தனை அங்குலம் வைத்தீர்கள், சிரட்டைக் கரி மூட்டையாக எங்கே எடுக்கிறீர்கள் என்று சொன்னால் அவனுக்கு உதவியாக இருக்கும். பெலட் கிரில்லை இங்கேயே ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓட்டியவர் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள். என் கணக்கு பிழை என்றால் திருத்திக்கொள்கிறேன்.