சும்மாதாம் இருக்கேன்!

நாகலாபுரத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் யாருக்குப் போன் போட்டு “என்ன செய்றீக?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

“என்னத்தச் செய்ய, சும்மாதாம் இருக்கேன்.”

அந்தச் ‘சும்மா’வுக்குப் பின்னால் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். குக்கர் மூணாவது விசில் அடிக்கும். சொளகில் உளுந்து புடைக்கிற சத்தம் வரும். “ஏய், அதை வாயில வைக்காத!” என்று பேரனுக்கு ஓர் அதட்டல். வத்தல் காய்கிற இடத்தில் நுழைந்த கோழிக்கு ஓர் அதட்டல். நடுவில் நமக்கும், “ம்ம்... நீ சொல்லு.”

மாசி, பங்குனி வந்துவிட்டால் கரிசக்காட்டில் மிளகாய்ப்பழம் எடுக்கிற நேரம். இருட்டோடு எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு காட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை குனிந்து பழம் எடுத்து, வீடு திரும்பி, தண்ணீர் பிடித்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து முடிக்கும்போது போன் செய்தால் பதில் லேசாக மாறும். “இப்பத்தாம் சும்மா உக்காந்தேன்.”

இந்தச் ‘சும்மா’வை மத்திய அரசே ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டது. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலையில் கை வைத்தவர்களின் சராசரிதான். அப்படிக் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்! பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது. அதைச் செய்கிற பெண்களுக்கு அது தனியாக 134 நிமிடம்.

கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதிகாரிகள் நன்றாகத்தான் எண்ணியிருப்பார்கள். ஆனாலும் சில துறைகளை எண்ணியிருக்க முடியாது என்பது என் சந்தேகம்.

முதலாவது, தேடுதல் துறை. பைக் சாவி எங்கே, சார்ஜர் எங்கே, ரேஷன் கார்டு எங்கே? எதிரில் கிடக்கிற பொருளைப் பார்க்கிற கண்ணை ஆண்டவன் அம்மாவுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறான். “என் கண்ணாடிய எங்க காணோம்?” என்று தாத்தா கேட்டால், அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வரும். “மூக்கு மேல.”

இரண்டாவது, யோசனைத் துறை. “என்ன கொழம்பு வைக்க?” என்று கேட்டால், “எதாச்சும் வை.” சரி என்று புளிக்குழம்பு வைத்தால், “இதையா வச்ச?” ‘எதாச்சும்’ என்றொரு குழம்பு இதுவரை எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பிள்ளைகளின் சாப்பாட்டுக் கவலையில் மட்டும் அரசு கொஞ்சம் தோள் கொடுத்தது. பள்ளியில் மதிய உணவுக்கு 1956-ல் காமராஜர் பிள்ளையார் சுழி போட்டதே பக்கத்து எட்டயபுரத்தில்தான் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை. 2022-ல் காலை உணவும் வந்தது. மறு வருடமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. காட்டு வேலைக்கு ஓடுகிற அம்மாவுக்கு, பிள்ளை வெறும் வயிற்றோடு இல்லை என்பது பெரிய நிம்மதி. வந்த ஒரே வில்லங்கம், வீட்டில் உப்புமா என்றால் மூஞ்சியைத் தூக்கிய பயல் பள்ளியில் இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டு வந்து சொல்கிறான்: “எங்க பள்ளிக்கூடத்து உப்புமா மாதிரி ஒனக்குச் செய்யத் தெரியலம்மா.”

நீதிமன்றமும் ‘சும்மா’வை விசாரித்திருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. இல்லத்தரசி என்பவர் நிர்வாகி, சமையல் கலைஞர், வீட்டு மருத்துவர், பொருளாதார நிபுணர் எல்லாமும்தான் என்றார் நீதிபதி. இதை எங்கள் மதினியிடம் வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், “டாக்டரா? அப்ப என் முட்டு வலிக்கு யாருகிட்டப் போக?” என்கிறார்.

2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய் என்று மகளிர் உரிமைத் தொகை வந்தபோது, பிளஸ் ஒன் படிக்கிற அவர் மகன் உடனே கால்குலேட்டரைத் தட்டினான். “யம்மா, ஒரு நாளைக்கு 299 நிமிசம்னா, மணிக்கு ஏழு ரூபா கூட வரலம்மா!”

“பரவால்லய்யா. நீயும் ஒங்கப்பாவும் குடுக்கிறதுக்கு இது கூடத்தாம்.”

வீடே சிரித்தது. ஆனால் அந்த முட்டு வலி சிரிக்கிற விஷயம் இல்லை. போன வருடம், “வெள்ளாமை வீடு வரட்டும்” என்றார். அப்புறம், “இவன் பரீட்சை முடியட்டும்.” இப்போது, “மாமா கண் ஆபரேசன் முடியட்டும்.” ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் லீவு எடுக்கலாமே என்றால், “நான் என்ன ஆபீசுக்கா போறேன், லீவு போட?” என்கிறார்.

அந்த வார்த்தையின் வினை இதுதான். வேலை பார்க்கிறவளுக்குத்தானே லீவு? சும்மா இருக்கிறவளுக்கு எதற்கு லீவு, எதற்கு டாக்டர், எதற்கு மத்தியானத் தூக்கம்? அம்மா தன்னடக்கத்தில் சொல்கிற ‘சும்மா’வை வீட்டில் எல்லாரும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

அதனால் இனிமேல் “சும்மாதாம் இருக்கேன்” என்று காதில் விழுந்தால், “எந்த வேலைக்கு நடுவுல?” என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்து, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

97 நிமிடக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொளகு பிடிக்க வராவிட்டால் பாதகமில்லை, வத்தலுக்குக் காம்பாவது கிள்ளிக் கொடுங்கள். ஆனால் கிள்ளின கையால் கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். அப்புறம் தண்ணீர்ச் செம்போடு ஓடி வருவதற்கும் அந்த ‘சும்மா இருக்கிறவள்’தான் வரவேண்டும்!